சம்பை வெட்டும் முன்: வீட்டில் கார் கட்டுவோர் விடும் பிழைகள்

ஏ9 வீதியை விட்டு வன்னியின் உள்வீதிகளில் இறங்கினால், உழவு இயந்திரம் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் கிறவல் மேடு நிற்கும். பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிய தாழ்வான கிட் காரில் அந்த மேட்டில் முதலில் இடிபடுவது சேஸிக்குக் கீழே தொங்கும் ஒயில் சம்ப், அதாவது எஞ்சின் ஒயில் தங்கும் அடிக் கிண்ணம். அதனால்தான் பலர் அதை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள்.

குட்டையாக்கலாம். ஆனால் வெட்டின இடத்தில் இருந்த ஒயில் இனி எங்கே நிற்கும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமான கிண்ணத்தில் 5 செ.மீ. வெட்டினால் இரண்டரை லீற்றர் போய்விடும். அதற்குப் பிறகும் பழைய அளவையே ஊற்றினால் மட்டம் ஏறி, எஞ்சினுக்குள் சுழலும் கிறாங்குத் தண்டின் எதிரெடைகள் ஒயிலில் அடித்து நுரைக்க வைக்கும். ஒயில் பம்ப் அந்த நுரையைத்தான் பெயாரிங்குக்குத் தள்ளும். இழந்ததைப் பக்கவாட்டில் மீட்க வேண்டும். இரு பக்கமும் 25 × 8 × 6 செ.மீ. பெட்டி ஒவ்வொன்று வெல்டிங்கால் ஒட்டினால் 2.4 லீற்றர் திரும்பக் கிடைக்கும். ஒட்டும் முன் ஸ்டியரிங் தண்டு, சைலன்சர் குழாய், ஸ்டார்ட்டர் மோட்டர் தட்டுப்படுமா என்று மட்டை வெட்டி வைத்துப் பாருங்கள்.

சம்ப் குட்டையானால், அதிலிருந்து பம்புக்கு ஒயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயும் குட்டையாக வேண்டும். எஞ்சின் சாகும் பிழைகள் கூடுதலாக நடப்பது இங்கேதான். சல்லடை வாய்க்கும் சம்பின் தரைக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி தேவை. குறைந்தால் பம்ப் பட்டினி கிடக்கும். கூடினால், வளைவில் ஒயில் ஒதுங்கும்போது காற்றை உறிஞ்சும். இதை அளக்க ரொட்டிக்குக் குழைக்கிற கோதுமை மாவே போதும். மூன்று சிறு உருண்டைகளைச் சல்லடையின் அடியில் ஒட்டி, காஸ்கட்டோடு சம்பைப் பூட்டிக் கழற்றி, நசிந்த மாவின் தடிப்பை அளவுங்கள். பிறகு ஒரு துகளும் மிஞ்சாமல் துடைத்து எடுக்க வேண்டும்.

குழாயை வெட்டி ஒட்டிய மூட்டில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. அது உறிஞ்சும் பக்கம், காற்றுத்தான் உள்ளே போகும். குழாயின் ஒரு முனையை அடைத்து, தண்ணீர் வாளியில் அமிழ்த்தி, மறு முனையால் ஊதிப் பாருங்கள். தாங்கும் பிராக்கெட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் அந்த மூட்டே வெடிக்கும்.

மிச்சம் கிடக்கும், துத்தநாகம் பூசிய கூரைத் தகரத்தில் பெட்டி அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஒட்டிலும் துளை விழும். 2 மி.மீ. இரும்புத் தகடு எடுங்கள். சம்பின் விளிம்பைப் பழைய எஞ்சின் புளொக்கிலோ 10 மி.மீ. தகட்டிலோ எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிவிட்டு, ஒரு முறைக்கு 2 செ.மீ. மட்டும், பக்கம் மாறி மாறி ஒட்டுங்கள். ஒரே இழுவையில் ஒட்டினால் விளிம்பு முறுகும். முறுகலை மறைக்கச் சிலிக்கனை அப்புவார்கள், உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய்ச் சல்லடையை அடைக்கும். அலுமினிய சம்ப் என்றால் டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

ஒழுக்குப் பார்க்கத் தண்ணீர் போதாது. ஒட்டுக்கோட்டின் வெளியே சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு வையுங்கள். துளை இருந்தால் வெள்ளையில் கறை தெரியும். கசடும் கிரைண்டர் தூளும் உள்ளே கிடந்தால் பெயாரிங் கீறும் என்பதால் இரண்டு தரமாவது கழுவ வேண்டும்.

வளைவில் ஒயில் ஒதுங்காமலிருக்கப் பிக்கப்பைச் சுற்றித் தடுப்புத் தகடு வைப்பது நல்லது. ஆனால் அடியில் ஒயில் வர வாய் வெட்டாவிட்டால், துருசு (மதகு) அடைத்த குளம் மாதிரி ஒரு பக்கம் தேங்கி நிற்க, பிக்கப் காய்ந்து கிடக்கும்.

பூட்டியதும் கிறாங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கின் பழைய கோடு இனிப் பொய் சொல்லும். காரை மட்டத் தரையில் நிறுத்தி, அளந்து ஊற்றி, சிறிது ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துப் புதுக் கோடு கீறுங்கள். ஆனால் அந்த முதல் ஓட்டத்துக்கு முன், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் அமுக்க மீற்றரின் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். சிவப்பு விளக்கை மட்டும் நம்பாதீர்கள், அது பற்றும்போது அமுக்கம் ஏற்கெனவே விழுந்திருக்கும். வளைவில் மீற்றர் முள் விழுந்து எழும்பினால், எஞ்சினை நிறுத்தி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சம்பைத் திரும்பக் கழற்றுங்கள்.