ஆஸ்திரேலியா போகும் குடும்பங்களுக்கு: குழந்தையின் ஊசி அட்டையும் காப்பக உதவித்தொகையும்

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெளிநாடு கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், டிகிரி, கல்யாண சர்டிபிகேட் என்று ஒரு கட்டோடு ஸ்கேன் எடுக்க வருவார்கள். அந்தக் கட்டில் குழந்தையின் தடுப்பூசி அட்டையை நான் பார்த்தது அபூர்வம். என் சொந்தத் தங்கையே கொண்டுபோகவில்லை. மெல்போர்னுக்குப் போய் மூன்றாவது வாரம், விடிகாலை 4 மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அங்கே எட்டரை ஆகியிருந்தது. "அண்ணே, பாப்பாவோட ஊசி அட்டை அம்மா பெட்டியில இருக்கா பாரு. அது இல்லாம காப்பகத்துல சேக்க மாட்டாங்களாம்."

அட்டை இருந்தது. தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில். ஆனால் கடல் காற்றில் இங்க் பாதி கரைந்திருந்தது. அதைச் சரிசெய்ய நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இனி கிளம்பப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: இது எதற்கு?

மெல்போர்ன், சிட்னி பக்கம் குழந்தைக் காப்பகத்துக்கு ஒரு நாள் கட்டணமே நூறு டாலர் தாண்டிவிடும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் ஒருவர் சம்பளம் அப்படியே காப்பகத்துக்குப் போய்விடும். அதனால் அரசாங்கம் 'சைல்ட் கேர் சப்சிடி' என்று ஒரு உதவி தருகிறது. வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். பணம் நம் கைக்கு வராது, நேராகக் காப்பகத்துக்குப் போய் நம் பில் குறையும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குழந்தைக்கு அந்த நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி எல்லா ஊசியும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், விட்டுப்போனதைப் போடும் திட்டத்தில் இருக்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் இந்த விதி இறுகிவிட்டது. மருத்துவக் காரணத்தை அங்குள்ள டாக்டர் பதிந்தால் ஒழிய விலக்கு கிடையாது. 'எங்களுக்கு ஊசியில் நம்பிக்கையில்லை' என்று எழுதிக் கொடுத்துத் தப்பிக்கிற வழி அன்றோடு மூடிவிட்டது.

கைக்குழந்தைக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பள்ளி விட்ட பிறகு காப்பகத்தில் இருக்கும் பத்து வயதுப் பையனுக்கும் இதே விதிதான்.

உங்கள் விசாவைப் பாருங்கள்

நிரந்தரமாகத் தங்கும் விசா (பி.ஆர்.) இருந்தால் விண்ணப்பிக்கலாம். கம்பெனி ஸ்பான்சர் செய்த தற்காலிக வேலை விசாவில் போகிறவர்களுக்குப் பொதுவாக இந்த உதவி கிடையாது. படிக்கப் போகிறவர்களிலும் ஆஸ்திரேலிய அரசின் நிதியில் படிப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் உண்டு. இதைத் தெரியாமல் கணக்குப் போட்டுப் போய் அங்கே திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உதவி கிடைக்காவிட்டாலும் ஊசிக் கணக்கை விட்டுவிட முடியாது. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் காப்பகத்தில் சேர்ப்பதற்கே அந்த நாட்டு அரசின் தடுப்பூசிப் பதிவேட்டின் சான்று கேட்பார்கள். நம் ஊர் அட்டையை நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஆகவே மற்ற படிகள் எல்லாருக்கும் பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்: அட்டையை ஊரிலேயே சரிசெய்வது

இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். இங்கே அரை நாள் வேலை, அங்கே போய்விட்டால் ஆறு வாரம்.

தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுத்து, ஊசிப் பக்கத்தை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பாருங்கள். தங்கை மகள் அட்டையில் ஆறாவது வாரம், பத்தாவது வாரம் எல்லாம் தேதியோடு பளிச்சென்று இருந்தது. பதினான்காவது வாரக் கட்டத்தில் தேதி இருந்தது, வருடம் இல்லை. ஒன்பதாவது மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு வெறும் டிக் மட்டும். நடுவில் ஒரு ஊசியை ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் கேட்டால் பழைய ரெக்கார்டு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். டிக் போட்ட கட்டம் அங்கே கணக்கில் வராது. ஊசியின் பெயர் வேண்டும், நாள், மாதம், வருடத்தோடு தேதி வேண்டும்.

இதற்கு வழி உங்கள் ஊர் நர்ஸம்மாதான். புதன்கிழமை ஊசி நாள். அன்று நீலப் பெட்டியோடு அங்கன்வாடியில் இருப்பார். கூட்டமாக இருக்கும்போது போய் நின்று பிடுங்காமல் மதியத்துக்கு மேல் போங்கள். அட்டை தொலைந்தாலும் அவரிடம் பதிவேடு இருக்கும். அம்மாவின் கர்ப்ப காலத்தில் கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைச் சொன்னால் தேடுவது சுலபம். அந்த எண் அட்டையின் முன்பக்கத்திலேயே இருக்கும்.

எங்கள் நர்ஸம்மா பதிவேட்டைப் புரட்டி, விட்டுப்போன தேதிகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். அதை வைத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு சான்று வாங்கினோம். நீங்களும் இப்படி ஒன்று வாங்கிவிடுங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், ஊசிகளின் பெயரும் தேதியும், கையெழுத்து, சீல், இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை.

அப்புறம் பெயர். இதில்தான் நம் ஆட்கள் நிறைய மாட்டுகிறார்கள். பிறந்த அன்றே போட்ட அட்டையில் குழந்தை பெயர் இருக்காது, 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் வேறு பெயர். இந்த இரண்டும் ஒரே குழந்தை என்று ஆஸ்திரேலியாவில் இருக்கும் நர்ஸுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் தரும் சான்றில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி ஏற்றலாம்.

நம் அரசின் தடுப்பூசி இணையதளமான யூ-வின் தளத்தில் குழந்தையின் ஊசிகள் ஏறியிருந்தால் சான்றிதழை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். விமானம் ஏறியபின் இந்திய சிம் செத்துப்போனால் ஓ.டி.பி.யும் போச்சு. இங்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கடைக்காரனாக ஒரு வார்த்தை: அட்டையை லேமினேஷன் போடாதீர்கள். எனக்கு நாற்பது ரூபாய் நஷ்டம்தான், பரவாயில்லை. லேமினேஷன் போட்டுவிட்டால் அதில் யாரும் எழுதவோ சீல் வைக்கவோ முடியாது. ஸ்கேன் எடுத்து மெயிலில் போட்டுவிட்டு, அசலை ஜிப் கவரில் வைத்துக் கைப்பையில் கொண்டுபோங்கள். எங்கள் அம்மா எந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் வைப்பார். 1964 புயலில் தனுஷ்கோடியில் அவர் அப்பாவின் பத்திரங்கள் வீட்டோடு போனதிலிருந்து வந்த பழக்கம். இந்த அட்டையை மட்டும் ஏனோ சுற்ற மறந்துவிட்டார்.

எல்லா ஊசியும் போட்டும் ஏன் குறைகிறது?

தங்கைக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு புதன்கிழமை கூட விடலையே, இன்னும் போடணுங்கிறாங்க!" அவள் சொன்னது உண்மை. நம் ஊர் அட்டவணையும் அவர்கள் அட்டவணையும் வேறு வேறு, விஷயம் அவ்வளவுதான்.

நம் அரசு ஆஸ்பத்திரியில் போடுவது எம்.ஆர்., அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். ஆஸ்திரேலியாவில் கேட்பது எம்.எம்.ஆர். நடுவில் இருக்கும் கூடுதல் 'எம்' பொன்னுக்கு வீங்கிக்கு. அரசு ஊசி மட்டும் போட்ட குழந்தைக்குப் பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு பதிவிலேயே இருக்காது. இன்னொன்று, நாம் முதல் ஊசியை ஒன்பது மாதத்தில் போடுகிறோம். அவர்கள் முதல் பிறந்தநாளை ஒட்டித்தான் தொடங்குகிறார்கள். ஒன்பது மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை அங்கே கணக்கில் எடுப்பதில்லை, தனியாரில் எம்.எம்.ஆராகவே போட்டிருந்தாலும் சரி.

சின்னம்மை ஊசி நம் அரசுப் பட்டியலில் இல்லை, அங்கே 18 மாதத்தில் உண்டு. மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் ஏ.சி.டபிள்யூ.ஒய். ஊசி 12 மாதத்தில் உண்டு, நம்மிடம் இல்லை. மூளைக்காய்ச்சல், நிமோனியா தரும் ஹிப் கிருமிக்கான ஊசி, ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடும் நம் பென்டா ஊசியிலேயே மூன்று தடவை போய்விடுகிறது. ஆனால் 18 மாத பூஸ்டர் அங்கே உண்டு, இங்கே அரசில் இல்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசித் தழும்பைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படலாம். அது அவர்களின் பொதுப் பட்டியலில் கிடையாது.

தனியார் குழந்தை டாக்டரிடம் முழுதாகப் போட்டவர்களுக்கு இந்த இடைவெளி குறைவாக இருக்கும். அப்படியானால் போகுமுன் இங்கேயே காசு கொடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். பயணத்துக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தால் போடுங்கள். அடுத்த மாதமே கிளம்புகிறீர்கள் என்றால் நான் காத்திருக்கவே சொல்வேன். மெடிகேர் (அந்த நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடு) உள்ள குழந்தைக்கு இந்த ஊசிகள் அங்கே இலவசம், போட்ட உடனே பதிவேட்டிலும் ஏறிவிடும். கிளம்பும் சமயத்தில் எம்.எம்.ஆரோ சின்னம்மை ஊசியோ போட்டால் தேதியை மறக்காதீர்கள். இந்த வகை ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

அம்மை வார்த்த குழந்தை

'எங்கள் பிள்ளைக்குச் சின்னம்மை வந்துபோய்விட்டது, ஊசி எதற்கு?' என்பார்கள். நியாயம்தான். ஆனால் அம்மை வந்தால் நாம் டாக்டரிடமா போகிறோம்? வாசலில் வேப்பிலை செருகி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுகிறோம். காகிதம் ஏது? அங்குள்ள டாக்டர் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இருப்பதை உறுதிசெய்தால் அதையே பதிவேட்டில் ஏற்றலாம். ரத்தம் எடுக்கும் பாட்டுக்கு ஊசியையே போட்டுவிடலாம் என்பது என் தங்கையின் கட்சி. ஏற்கெனவே வந்த குழந்தைக்கு ஊசி போடுவதால் கெடுதல் இல்லை.

போய் இறங்கியதும்

முதல் வாரமே மெடிகேரில் குழந்தையின் பெயரைச் சேருங்கள். பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்கிலோ, உள்ளூர் கவுன்சில் நடத்தும் தடுப்பூசி முகாமிலோ நேரம் வாங்குங்கள். வெளிநாட்டு ஊசிப் பதிவுகளைச் சேர்க்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டால் நீண்ட நேரம் ஒதுக்குவார்கள். பதிவேட்டில் நாமாக எதையும் ஏற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற டாக்டரோ நர்ஸோதான் ஏற்ற வேண்டும்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். டாக்டரையே கூப்பிடச் சொல்லலாம்.

நர்ஸ் ஒவ்வொரு தேதியாகத் தட்டச்சு செய்தபின், விட்டுப்போனவற்றுக்கு ஒரு 'கேட்ச்-அப்' திட்டம் போடுவார். தங்கை மகளுக்கு அப்போது இரண்டரை வயது. முதல் நாள் மூன்று ஊசி: எம்.எம்.ஆர்., ஹிப், மெனிங்கோகாக்கல். நான்கு வாரம் கழித்து ஒரே ஒரு ஊசி, அதில் இரண்டாவது எம்.எம்.ஆரும் சின்னம்மையும் சேர்ந்தே இருந்தது. கைக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு என்று குத்தியதும் பாப்பா போட்ட சத்தம் வாட்ஸ்அப் வழியாகப் பாம்பன் பாலம் வரை கேட்டிருக்கும்.

முக்கியமான ஒன்று: எல்லா ஊசியும் முடியும்வரை உதவித்தொகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்ச்-அப் திட்டத்தில் இருப்பதாக நர்ஸ் பதிவேட்டில் குறித்தாலே நிபந்தனை நிறைவேறியதாக எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். அந்தக் குறிப்பைப் போட்டாரா என்று அங்கிருந்து எழுந்து வருமுன் வாய்விட்டுக் கேளுங்கள். தங்கை கேட்கவில்லை. இன்னொரு தடவை போய் வந்தாள்.

பதிவேட்டில் ஏறியதா?

அந்த நாட்டு அரசின் இணையதளமான மைகவ்வில் கணக்கைத் திறந்து, அதில் மெடிகேரை இணைத்து, குழந்தையின் தடுப்பூசி வரலாற்று அறிக்கையை இறக்கிப் பாருங்கள். ஊரில் வாங்கிய சான்றைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதியாக ஒப்பிடுங்கள். மாதத்தையும் நாளையும் மாற்றி அடித்திருந்தால் கண்டுபிடிக்கும் இடம் இதுதான். காப்பகத்தில் கேட்பதும் இந்த அறிக்கையைத்தான். மெடிகேர் இல்லாத தற்காலிக விசாக்காரர்களும் குழந்தைக்குத் தனி சுகாதார அடையாள எண் வாங்கி இதே அறிக்கையை எடுக்கலாம்.

விண்ணப்பம்

அதே மைகவ்வில் சென்டர்லிங்கை (அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் அலுவலகம்) இணைத்து சைல்ட் கேர் சப்சிடிக்கு விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானம், இருவரின் வேலை நேரம், குழந்தையின் விவரம் கேட்கும். காப்பகம் சேர்க்கையைப் பதிந்ததும் அதை நீங்கள் மைகவ்வில் ஒப்புக்கொள்ள வேண்டும். விண்ணப்பித்த நாளுக்கு முன்னால் 28 நாள் வரைதான் பின்தேதியிட்டுத் தருவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி விவரம் குறைகிறது என்று கடிதம் வந்தால் பதறவும் வேண்டாம், மூலையில் போடவும் வேண்டாம். சரிசெய்ய 63 நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். நின்ற மாதத்தில் முழுக் கட்டணமும் உங்கள் தலையில்தான். சந்தேகம் இருந்தால் 131 202-ல் தமிழிலேயே சென்டர்லிங்கிடம் பேசலாம்.

நான்கு வயதில் இன்னொரு ஊசி இருக்கிறது, தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான், போலியோ நான்குக்கும் சேர்த்து. தங்கை அந்தத் தேதியை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அசல் அட்டையை நான் கூரியரில் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை அம்மாவே பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார், இரண்டு மடிப்பு.