கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது?

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஊரில் மகளிர் குழு நடத்துகிறேன். தவணை வாங்குவதைவிடச் சண்டையை விலக்கத்தான் அதிக நேரம் போகிறது. நீங்களும் யாருக்காவது நடுவில் உட்கார வேண்டி வந்தால், முதல் கேள்வியை ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள்.

எங்கள் குழுவில் ஓரகத்திகள் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே பங்குக் கிணறு. மதியம் வரை பெரியவள் முறை, அப்புறம் சின்னவள் முறை. மாமனார் வைத்த ஏற்பாடு. சின்னவள் இலவம்பாடி முள்ளுக் கத்திரி வைத்திருந்தாள். ஒருநாள் காலை பத்து மணிக்கே அவள் மோட்டாரைப் போட்டுவிட, பெரியவள் தெருவில் நின்று “என் தண்ணியைத் திருடறா” என்று கத்தினாள்.

“ஏம்மா அக்கா முறையில போட்டே?” என்று கேட்டேன். தப்பு அதுதான். பாகப்பிரிவினை, சீமந்தத்துக்கு வராதது, எல்லாம் வெளியே வந்தது. ‘ஏன்’ என்று கேட்டால் பழி போடுவதாகத்தான் காதில் விழும்.

மறுநாள் இருவரையும் மோட்டார் கொட்டகைக்கே கூட்டிப் போனேன். அப்போதெல்லாம் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் நாள் முழுக்க இருக்காது. பெரியவளிடம்தான் கேட்டேன்.

“நேத்து கரண்ட் எத்தனை மணிக்கு வந்துச்சுக்கா?”

“ஏழுக்கு.”

“எப்ப போச்சு?”

“பன்னெண்டரைக்கு.”

“முந்தா நாளு?”

“அப்பவும் அப்டித்தான்.”

“அப்போ இவ முறையில எவ்ளோ நேரம் ஓடுச்சு?”

பெரியவள் பதில் சொல்லவில்லை. கத்திரிப் பாத்தியைப் பார்த்தாள். இலையெல்லாம் துவண்டு கிடந்தது. நானும் பேசவில்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது ரொம்ப முக்கியம். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “கடியாரத்தை வெச்சிப் பிரிச்சா இன்னா பண்றது, கரண்ட் இருக்கிற நேரத்தைப் பாதியாப் பிரிச்சுக்கலாம்” என்றாள்.

எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். பதிலைத் திருப்பிச் சொல்லி, “நான் புரிஞ்சிக்கிட்டது சரியா?” என்று கேளுங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பதை அதற்கு அப்புறம் கேட்கலாம்.

அடி உதை இருக்கிற வீட்டில் இதைச் செய்யவே கூடாது. அடித்தவன் முன்னால் அந்தப் பெண்ணை உட்கார வைத்தால் அவள் வாயே திறக்கமாட்டாள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்கள்.

விவகாரம் மக்கள் நீதிமன்றம் வரை போனால், கையெழுத்துக்கு முன்னால் “இதில் எது உனக்கு ஒத்துவரலை?” என்று தனியாகக் கேளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் சமரசத்தில் தீர்ந்ததற்கு மேல்முறையீடும் கிடையாது.

கொட்டகையை விட்டு வருமுன் இன்னொன்று கேட்டேன்: “கரண்ட் நேரம் திரும்ப மாறினா, யாரு யாருக்குச் சொல்றது?” சின்னவள், “நான் அக்காவுக்குப் போன் பண்றேன்” என்றாள்.