கம்ப்ரசர் சூடானால் உடனே கேஸ் போடச் சொல்லாதீர்கள்

மே மாத மதியம், ஏசியில் காற்று வருகிறது, குளிர் மட்டும் இல்லை. அணைத்து ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் ஜில்லென்று ஓடும், அப்புறம் பழைய கதைதான். பல நேரம் கம்ப்ரசர் சூடு தாங்காமல் ஓவர்லோடில் (சூடு மிஞ்சினால் தானே அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) நின்று, ஆறியதும் திரும்ப ஓடுகிறது, அவ்வளவுதான். அதற்குள் "கம்ப்ரசர் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பழைய ஒன்றரை டன் ஏசிக்கு ஒரே கோடையில் இரண்டு தடவை கேஸ் போட்டோம். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரசர் மோட்டாரையும் ஆற்றுகிறது என்பதால், குறைந்தால் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் அதிகம் அடைத்தாலும் அழுத்தம் ஏறிச் சூடாகும். எத்தனை கிராம் என்று வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும், எடை போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் எங்களுக்குக் கோளாறு அவுட்டோர் ஃபேனைச் சரியான வேகத்தில் சுற்றவைக்கும் கெப்பாசிட்டரில். 2.5 மைக்ரோஃபாரட், தீப்பெட்டி அளவு சாமான். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. றெக்கைகளைத் தனித்தனியாக எண்ணும் அளவுக்கு மெதுவாகச் சுற்றியதை யாரும் நின்று பார்க்கவுமில்லை. அவுட்டோர் முன் கையை நீட்டினால் சூடான காற்று வேகமாக அடிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் ஏசி என்றால் கதை வேறு, போர்டு காட்டும் எர்ரர் கோடைக் குறித்துவைத்துச் சொன்னால் போதும்.

அவுட்டோரைப் பால்கனி மூலையில் வைத்து முன்னால் அட்டைப்பெட்டி அடுக்குவது, துணி காயப்போடுவது எல்லாம் வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுக்க வழி செய்யும். அவுட்டோரில் தூசி அடைத்த காயிலை (தகடுகள் கோத்த குழாய்ச் சுருள்) கழுவும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீரை மெதுவாக விடுங்கள், ஜெட் பம்ப்பைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி இருக்கிற காற்றுவழியும் அடைபடும். சூடாகி நின்ற கம்ப்ரசர் மேல் நீங்களே தண்ணீர் ஊற்றாதீர்கள், மின் இணைப்பு அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, நின்றதும் பதறி ரிமோட்டை மாற்றி மாற்றி அமுக்குவது. திரும்ப ஓடுவதற்கு முன் கம்ப்ரசரின் இரு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குத் தெருவே ஏசி போடும்போது மட்டும் இப்படி நின்றால், முதலில் ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் குறைகிறதா என்று பாருங்கள்.