மீன் தோலில் நொதியம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தின் குருநகரிலோ பாசையூரிலோ கெளிறு வாங்கி, அதன் தோலின் வழுவழுப்பிலிருந்து பற்றீரியாவைக் கொல்லும் நொதியத்தைப் பிரிக்க நினைக்கும் மாணவர்களுக்கு இது. முதல் தவறு மீன் சந்தையிலேயே நடந்துவிடும். கழுவித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நமக்குத் தேவையானது அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஐஸையும் நேரே மீன்மேல் கொட்டாமல், மீனைப் பொலித்தீன் பையில் போட்டுச் சுற்றிவர வையுங்கள். கெளிற்றின் முள் விஷமுள்ளது, கையுறை கட்டாயம். வழுவழுப்பை முதுகுப் பக்கமாக வழித்தெடுங்கள். வயிற்றுப் பக்கம் போனால் குடற்கழிவு கலந்து, அதிலுள்ள புரதம் சிதைக்கும் நொதியங்கள் நாம் தேடுவதையே அழித்துவிடும்.

அப்புறம், பலரும் சறுக்குவது பற்றீரியா வளர்க்கும் ஏகார் தட்டில். பற்றீரியா வளராத தெளிந்த வளையம் தெரிந்ததும் லைசோசைம் என்ற நொதியம் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். வளையத்தை உண்டாக்கியது எது? பிரித்தெடுக்கப் பயன்படுத்திய அசற்றிக் அமிலமே வளையம் போடும். கரைசல் பழுதாகாமல் சேர்த்த சோடியம் அசைட்டும் போடும். மீன் சேராத அதே கரைசலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன். சில கடல் மீன்களின் தோலில் அமினோ அமில ஒட்சிடேசு என்ற வேறொரு நொதியம் உண்டு. அது ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கிப் பற்றீரியாவைக் கொல்கிறது. அந்தப் பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு சேர்த்ததும் வளையம் மறைந்தால் இந்த ஒட்சிடேசைத் தேடுங்கள். கொதிக்க வைத்த பிறகும் வளையம் நின்றால் சிறு பெப்தைட்டுகளை, அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகளைச் சந்தேகியுங்கள்.

லைசோசைம் பற்றீரியாவின் கலச்சுவரை வெட்டும் நொதியம். மைக்ரோகொக்கஸ் என்ற பற்றீரியாக் கலங்களின் கலங்கல் 450 நனோமீற்றர் அலைநீள ஒளியில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளப்பதே அதற்குரிய சோதனை. ஈ. கோலை பற்றீரியாவில் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கைவிடாதீர்கள். அதன் வெளிமென்சவ்வு நொதியத்தை உள்ளே விடாமல் தடுக்கக்கூடும்.

தூய்மையாக்கும்போது நொதியம் காணாமல் போவதும் வழக்கம். கோழிமுட்டை லைசோசைமின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 14 கிலோடால்டன். மீனில் உள்ள ஒரு வகையும் அந்த அளவுதான். உப்பை நீக்க, 12–14 கிலோடால்டனுக்குச் சிறியவற்றை வெளியே விடும் டயாலிசிஸ் பையைப் பயன்படுத்தினால் அது வெளியே கசிந்துவிடும். 3.5 கிலோடால்டன் பை எடுங்கள். உங்கள் நொதியம் நேரேற்றம் கொண்டதாக இருந்தால், மறையேற்றப் புரதங்களைப் பிடிக்கும் பிரிப்பு நிரலில் அது ஒட்டாமல் வழிந்து போகும். ஒவ்வொரு படியிலும் புரத அளவையும் செயற்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வழிந்த திரவத்தைச் சோதிக்கும்வரை கொட்டவேண்டாம்.