காது கேட்காத பிள்ளையை எப்படிக் கண்டிப்பது?

அக்காவுக்குக் காது கேட்காது, தம்பிக்குக் கேட்கும், இரவு பத்து மணிக்கு மேல் போன் கூடாது என்ற விதியை இரண்டு பேருமே மீறிவிட்டார்கள் என்று வையுங்கள். பல வீடுகளில் தம்பிக்குத் திட்டு விழும், அக்காவை "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஒரு விளக்கமும் சொல்லாமல் போனைப் பிடுங்குவார்கள். இரண்டுமே உதவாது. விதி இருவருக்கும் ஒன்று, மீறினால் கிடைக்கும் தண்டனையும் ஒன்று.

ஆனால் காரணம் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். தம்பிக்குப் பாதி விஷயங்களை யாரும் சொல்லித்தருவதே இல்லை. பாட்டி போனில் புலம்புவது, பஸ்ஸில் யாரோ சண்டை போடுவது, அப்பா யாரையோ திட்டுவது எல்லாம் காதில் விழுந்து, எதைச் செய்தால் என்ன வரும் என்று அவனாகவே பிடித்துக்கொள்கிறான். அக்காவுக்கு அந்த வழி இல்லை. அதனால் வீட்டில் யார், எதற்குத் திட்டு வாங்கினார்கள் என்பதையும் அவளிடம் சைகையில் சொல்லுங்கள். சாப்பிடும்போது எல்லோரும் சிரிக்க, என்னவென்று அவள் கேட்டால் "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று தள்ளாதீர்கள்.

காது கேட்காத பிள்ளைகளுக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது என்பார்கள். நம்பாதீர்கள். காது கேளாத பெற்றோரிடம் பிறந்ததிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகளிடம் அப்படி ஒரு குறை தெரியவில்லை என்று 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆக, சைகை தெரியாவிட்டால் நீங்கள்தான் படிக்க வேண்டும். டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி இலவசமாகவே கிடைக்கிறது. அகராதி மட்டும் போதாது, காது கேளாத பெரியவர் யாராவது பழக்கமானால் அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

திட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக முகத்தைப் பிடித்துத் திருப்புவதோ கையைப் பிடிப்பதோ கூடாது, கையைப் பிடித்தால் அவள் வாயை அடைத்த மாதிரி. கொஞ்ச நேரம் விட்டு, வெளிச்சமான இடத்தில் எதிரே உட்கார்ந்து பேசுங்கள்.

தோழிகளோடு வீடியோ காலில் வேகவேகமாகப் பேசுவதை எட்டிப்பார்த்தும் பயனில்லை, உங்களுக்குப் புரியப்போவதில்லை. தோழிகளைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகுங்கள், யாரோடு சுற்றுகிறாள் என்பது தானாகத் தெரியும். அப்புறம் ஒன்று, தம்பியை மொழிபெயர்ப்பாளராக நடுவில் உட்காரவைத்து அக்காவைத் திட்டாதீர்கள். அவன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்வான்.