தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

தையல் விட்டுவிட்டு விழுந்தால் உடனே மெக்கானிக்கைத் தேட வேண்டாம். மோட்டார் வைத்த மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஊசியைக் கழற்றி, அதன் கீழே உள்ள தகட்டையும் எடுத்துப் பாருங்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே நூல் பஞ்சு கெட்டியாகப் படிந்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் அதை வெளியே இழுத்தெடுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், ஈரமும் சேரும்.

அடிநூல் உருளை இருக்கும் கூடான பாபின் கேஸைத் துடைத்து, மேல்நூலை அடிநூலோடு கோர்க்கும் ஷட்டில் ஓடும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது! சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நாளடைவில் பிசுபிசுத்துப் பஞ்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் விட்டதும் வேண்டாத துணியில் சிறிது தைத்துவிட்டு, அதன் பிறகே புதுத் துணியை வையுங்கள்.

துணியின் ஓரம் பிரியாமல் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கத்தி துணியை வெட்டிக்கொண்டே போவதால் பஞ்சு வேகமாகச் சேரும். அதை அடிக்கடி திறந்து பாருங்கள்.