வேன் முன் பிரேக் டிஸ்க் மாத்தினது: என் அனுபவம்
சிங்கப்பூர் பிஐஈ விரைவுச்சாலைல பிரேக் அழுத்தினாலே ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுச்சு, டிஸ்க் ஓரத்துல விரலை வெச்சா வரப்பு மாதிரி தட்டுது, அதுலயே பொறிச்சிருக்கிற குறைஞ்சபட்ச தடிமனுக்கும் கீழ தேஞ்சாச்சு. காக்கி புக்கிட்ல தெரிஞ்ச அண்ணன் ஒர்க்‌ஷாப்ல நானே மாத்தினேன். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற கேலிப்பரைக் கழட்டி கம்பில கட்டுங்க, பிரேக் ஆயில் போற ஹோஸ்ல தொங்கவே கூடாது. பழைய டிஸ்க் துருவேறி அசையல, அதுல இருக்குற ரெண்டு மரை ஓட்டைல எட்டு மில்லி போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்கினதும் டப்புன்னு கழண்டுச்சு. முக்கியமான வேலையே அதுக்கப்புறம்தான், டிஸ்க் உக்காருற ஹப் முகத்துல துருவை ஒயர் பிரஷ்ஷால சுத்தமா தேய்க்கணும், கொஞ்சம் இருந்தாலும் புது டிஸ்க் கோணலா உக்காந்து மறுபடி ஆடும். புதுசுல பூசியிருக்கிற எண்ணெயை பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, டிஸ்க்கை உரசுற பேடும் புதுசா ரெண்டு பக்கமும் போட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிங்க, இல்லன்னா முதல் மிதில பிரேக்கே புடிக்காது.